எங்கள் சார்பில் பேசியவர்

அவர் தும்மினால்கூட எங்கள் சார்பில்தான் தும்முகிறாரோ என்று தோன்றும். தும்மிவிட்டு, கைக்குட்டையால் மூக்கை ஒற்றிக்கொண்டு, மானேஜர் துரை பக்கம் திரும்பி, "தூசி கொஞ்சம் அதிகம்தான் ஐயா, ஆனால் ஜனங்களுக்கு அதில் ஒரு குறையும் இல்லை" என்று இங்கிலீஷில் சொல்வார். தூசியைத் தின்றவர்கள் நாங்கள். குறை இல்லை என்றவர் அவர்.

மலாயாவில் செலண்டார்ப் பக்கம், ஆறு வளைந்து திரும்பும் இடத்தில் இருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்துக்குப் பெரிய கிராணி, தலைமைக் குமாஸ்தா, அவர். யாழ்ப்பாணத்துக்காரர். பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால், இத்தனை வருஷம் கழித்தும் எங்கிருந்தாவது வந்து, என் சார்பில் வாசகர்களுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போவார் என்று பயம்.

கழுத்துவரை பித்தளைப் பொத்தான் பூட்டிய வெள்ளைக் கோட்டு. சவரம் செய்து செய்து நீலம் பாய்ந்த தாடை. தமிழ் பேசும்போது குரல் மூக்கிலிருந்து வரும். இங்கிலீஷ் பேசும்போது வயிற்றிலிருந்து வரும். துரைக்கு முன்னால் அவர் நிற்கும் நிலையை நான் எங்கே கண்டாலும் அடையாளம் சொல்வேன். வலது கை மார்பில் மரியாதையாக இருக்கும். இடது கை மட்டும் முதுகுக்குப் பின்னால் போய், உள்ளங்கையை எங்கள் பக்கம் விரித்து, விரல்களை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருக்கும். கன்றுக்குட்டிகளைத் தொழுவத்துக்குள் தள்ளுகிறவன் கை அப்படித்தான் ஆடும். பின்னால் நிற்கிற நூறு பேருக்கும் அந்தக் கை ஒன்றைத்தான் சொல்லும்: நான் இருக்கிறேன், நீங்கள் வாயைத் திறக்காதீர்கள்.

எங்கள் குடியிருப்பு வரிசையான லயத்துக் கிணற்றில் தண்ணீர் நாறிய வருஷம் அப்படித்தான். பெண்கள் வாளியோடு ஆபீஸ் வாசலில் போய் நின்றார்கள். துரை வெளியே வந்து, வாளிக்குள் எட்டிப் பார்த்து, முகத்தைச் சுளித்தார். அந்தச் சுளிப்பு போதும், வேலை பாதி முடிந்தது என்று பெண்கள் நினைத்த நேரம், விரல்கள் ஆடின. "இவர்களுக்கு இது பழகின தண்ணீர் ஐயா. காய்ச்சிக் குடிக்கச் சொல்லியிருக்கிறேன். தாங்கள் விசாரித்ததற்கு இவர்கள் சார்பில் நன்றி." சுளித்த முகம் நிம்மதியாகி உள்ளே போனது. பெண்களிடம் திரும்பி, "நான் உங்கட சார்பில எல்லாம் கதைச்சுப்போட்டன், போங்கோ" என்றார். அவர்களும் கதைத்ததில் ஏதோ நடக்கும் என்று நம்பிப் போனார்கள். கிணறு நாறிக்கொண்டே இருந்தது.

இன்னொரு தரம், துரையின் கார் மோதி ஒரு மாட்டுக்காரனின் கறவை செத்தது. மாடு செத்த செய்தி மாட்டுக்காரனுக்குத் தெரியும் முன்பே, அவன் சார்பில் துரையை மன்னித்துவிட்டு வந்திருந்தார் இவர். மாட்டுக்காரன் தலையில் அடித்துக்கொண்டு ஓடி வந்தான். "இப்ப வந்து அழுறாய்? நீ மன்னிச்சு அரைமணித்தியாலம் ஆச்சு" என்றார்.

சிரிக்கிறீர்களா? நாங்களும் சிரித்தோம். கள்ளுக்கடை வாசலில் அவரைப்போல் நடித்துக் காட்டுகிற ஆள் ஒருவன் இருந்தான். அவன் நடிப்புக்குக் கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். மறுநாள் காலை ஆள் எண்ணும் பெரட்டில், நிஜக் கை முதுகுக்குப் பின்னால் ஆடும்போது, அதே கூட்டம் வாயைக் கட்டிக்கொண்டு நிற்கும். நடித்தவன்தான் எல்லாருக்கும் முன்னால் வாயைக் கட்டுவான்.

பயம்தான். கித்தா ரப்பர் விலை விழுந்து, ஆட்களைக் கூட்டம் கூட்டமாகக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிய காலம் அப்போதுதான் ஓய்ந்திருந்தது. யார் போவது, யார் இருப்பது என்று துரையிடம் சொல்லும் வாய் எது என்று எல்லாருக்கும் தெரியும். பயம் மட்டுமே என்று சொன்னால் அதுவும் பொய். ஒரு தடவை, செய்யாத திருட்டுக்கு போலீஸ்கார மாத்தா பிடித்துக்கொண்டுபோன ஓர் ஆளை, கொட்டும் மழையில் சைக்கிள் மிதித்துப் போய், அதிகாரியிடம் பேசி மீட்டுக்கொண்டு வந்தார். நனைந்து நடுங்கிக்கொண்டு லயத்து வாசலில் அவர் நின்றதை நானே பார்த்தேன். அந்த ஒரு மழையை வைத்துத்தான் எங்கள் வாயையெல்லாம் தன்னிடம் அடகு பிடித்துக்கொண்டார். முழுக்கக் கெட்டவராக இருந்திருந்தால் என்றைக்கோ அவரிடமிருந்து தப்பியிருப்போம்.

வீட்டிலும் அப்படித்தான். ஒருமுறை அவர் மனைவிக்குச் சேலை காட்டப் போனேன். ஆற்றங்கரைக் கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் விற்பனைக்கு நின்ற காலம் அது. லயத்தில் பிறந்து, மிஷன் பள்ளியில் கொஞ்சம் இங்கிலீஷ் படித்து, அதற்கு மேல் படிக்க வழியில்லாமல் முழக்கோல் பிடித்தவன் நான். அந்த அம்மாள் ஒரு கிளிப்பச்சைச் சேலையின் விளிம்பைத் தொட்டார். "அவவுக்குப் பச்சை பிடிக்காது" என்றார் இவர். தொட்ட விரல் அப்படியே நின்றது, பிறகு மடங்கியது. "தண்ணி குடிக்கிறீரோ தம்பி?" என்று அந்த அம்மாள் என்னைக் கேட்க வாயெடுத்தார். "தம்பிக்கு ஒண்டும் வேண்டாமாம்" என்று பதிலையும் இவரே சொன்னார். எனக்கு நல்ல தாகம்.

அவர் ஊர்க்காரர்கள் எல்லாரும் இப்படி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸரும் யாழ்ப்பாணத்துக்காரர்தான். என் அக்காவின் புருஷன், மச்சான், காய்ச்சலில் கிடந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து, "எங்க நோகுது? நீரே சொல்லும்" என்று கேட்டவர் அவர்.

இனி சிலைக்கு வருகிறேன்.

எங்கள் சிற்றூரை உண்டாக்கியவர் என்று ஒரு வெள்ளைக்காரர் இருந்தார். ஜனங்கள் அவரைப் பழைய துரை என்பார்கள். காட்டைத் திருத்தித் தோட்டம் போட்டு, ஆற்று வளைவில் கடைவீதிக்கு அளந்து கயிறு கட்டியவர். கத்தி பிடித்துக் காட்டைத் திருத்தியவர்களில் பாதிப்பேர் காய்ச்சலில் செத்து அதே ஆற்றங்கரையில் எரிந்தார்கள். மீதிப்பேரின் பிள்ளைகள் நாங்கள். கயிறு கட்டியவர் சீமைக்குப் போய் ஓய்வாக இருந்தார். கிழவராகி, கடைசியாக ஒருமுறை ஊரைப் பார்க்கக் கப்பலேறி வருகிறார் என்று செய்தி வந்தது. உடனே கூட்டம் போட்டார்கள். அதிகாரி, சீன முதலாளிகளான தவுக்கேமார், மலாய்க் கிராமத் தலைவரான பெங்குலு, தமிழர் சார்பில் இவர். ஆற்றோரம் பழைய துரைக்கு ஒரு கற்சிலை. அவரே வந்து தம் சிலையைத் தாமே பார்க்கலாம்.

எங்கே வைப்பது? கடைவீதிக்கு எதிரே நிழலும் காற்றும் உள்ள ஓர் இடம் ஆற்றங்கரையில் இருந்தது. அகலமான படி, மேலே ஒரு வாகை மரம். எங்கள் கருமாதித் துறை அது. செத்தவருக்குக் கருமாதியன்று அந்தப் படியில் ஒரு சின்னக் கல்லை நடுவோம். அன்றைக்கு அந்தக் கல்தான் செத்தவர். அதற்கு எண்ணெய் வைத்து, தண்ணீர் ஊற்றி, சோறு படைத்து, அழுது தீர்த்து, கடைசியில் ஆற்றில் விட்டால்தான் போனவர் போவார், இருப்பவர் இருப்பார். இந்த ஊர் மண்ணில் எங்களுக்கென்று இருந்தது அந்தப் படி ஒன்றுதான். பட்டா கிடையாது, வேலி கிடையாது. யாரும் கேட்டதும் கிடையாது.

அதைக் கூட்டத்தில் எழுந்து நின்று இவர் கொடுத்துவிட்டார்.

மறுநாள் பெரட்டில் விஷயத்தைச் சொன்னார். சிலைக்குச் சுற்றிச் சங்கிலி வரும், படிக்கு இனிப் போக முடியாது, கருமாதியைப் பாசாருக்குக் கீழே, மீன்கழுவும் ஓடை வந்து சேருகிற இடத்தில் வைத்துக்கொள்ளலாம். மச்சான் எப்போதும் அதிகம் பேசாத மனிதர். அன்றைக்கு எதனாலோ, "யாருங்க ஐயா குடுத்தது?" என்று கேட்டுவிட்டார்.

"ஆரோ? நீங்கள்தான் குடுத்தனீங்கள்" என்றார் இவர், ஒரு கூச்சமும் இல்லாமல். "நான் போய்ச் சொன்னது மட்டும்தான்."

சிலையைச் செய்தவர் சீனர்களுக்குக் கல்லறைக் கல் செதுக்குகிற ஒரு கல்தச்சர். கொடுத்த படத்தைப் பார்த்து அச்சாகச் செய்திருந்தார் என்றாலும், கண்களைப் பாதி மூடினாற்போல் வைத்துவிட்டார். பழக்கதோஷம். படகில் கொண்டுவந்து நிறுத்தி, மூடிவைக்க எங்கள் கடையில்தான் வெள்ளைத் துணி வாங்கினார்கள். நான்தான் அளந்து கிழித்தேன். அடுத்த வாரம் அதே சுருளிலிருந்து மச்சானுக்கும் கிழித்தேன்.

மலைக்காய்ச்சல். டிரஸ்ஸர் எவ்வளவோ பார்த்தார். முடியவில்லை.

மச்சானை எரித்த சாம்பல் ஆறுவதற்குள் சிலை திறப்பு நாள் வந்தது. கருமாதிக்கு இன்னும் நாள் இருந்தது. தோட்டத்து ஜனங்கள் ஒருவர் விடாமல் வந்து, அவரவர் வழக்கப்படி பழைய துரைக்கு மரியாதை செய்வார்கள் என்று எங்கள் சார்பில் வாக்குக் கொடுத்திருந்தார் பெரிய கிராணி. வீடுவீடாக வந்து சொன்னார். அக்கா மூலையில் தலைவிரி கோலமாக உட்கார்ந்திருந்தாள்.

"நான் தீட்டுக்காரிங்க ஐயா. நல்ல காரியத்துல வந்து நிக்கலாமா?"

"தீட்டெல்லாம் துரைக்குத் தெரியாது. ஆக்கள் குறைஞ்சால் துரை என்ன நினைப்பார்? செத்த வீடெண்டாலும் வரவேணும். வராத ஆக்களுக்கு அண்டைக்குச் சம்பளக் கணக்கில பேர் விழாது."

"எனக்குப் பேரு வேணாங்க."

"வேணும் எண்டு நான் எழுதிப்போட்டன்."

வந்தாள். கூட்டத்தின் கடைசியில், எதிர்லயத்துச் சின்னம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். படிக்கு மேலே பந்தல், பந்தலில் வெள்ளைக்காரர்கள், நடுவில் நாற்காலியில் பழைய துரை. தொப்பிக்குள் சுருங்கிப்போன சின்னக் கிழவர். காலுக்குக் கம்பளி போர்த்தியிருந்தார்கள். துணியை அவிழ்த்து மடிக்க வேண்டிய வேலை என்னுடையது என்பதால் நான் சிலைக்கு அருகிலேயே இருந்தேன். பேச்செல்லாம் முடிந்து, யாரோ கயிற்றை இழுக்க, துணி வழுக்கி விழுந்தது. கருமாதித் துறையில், எண்ணெய் தேய்த்தாற்போல் மினுங்கிக்கொண்டு, பாதிக் கண் மூடி, ஆளுயரத்துக்கு ஒரு கல்.

"அட பாவத்த!" என்று சின்னம்மா சொன்னது எனக்கே கேட்டது. "உசுரோட உக்காந்திருக்கிற மனுசனுக்குல்ல கல்லு நட்டுட்டானுங்க!"

அதற்குள் அக்கா உட்கார்ந்துவிட்டாள். யாரும் அவளைத் தள்ளவில்லை, யாரும் சொல்லித் தரவில்லை. அந்தப் படியையும் அதில் நின்ற கல்லையும் பார்த்தவுடன் அவள் உடம்பு என்ன செய்யுமோ அதைச் செய்தது. மாரில் ஓங்கி அடித்துக்கொண்டு குரல் எடுத்தாள்.

"படித்தொறய நம்பி வந்தேன், எஞ் சாமி
படியெல்லாம் சங்கிலியா நிக்குதய்யா
ஒனக்கொரு கல்லு நட எடமில்லையே, எஞ் சாமி
ஊரான் கல்லு ஒசந்து நிக்குதய்யா"

தாலியறுத்தவள் ஒப்பாரி எடுத்தால் மற்றப் பெண்கள் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. போய் உட்கார்ந்து, கழுத்தைக் கட்டி, கூட அழ வேண்டும். சின்னம்மா உட்கார்ந்தாள். அடுத்தவள் உட்கார்ந்தாள். கண் மூடித் திறப்பதற்குள் தோட்டத்துப் பெண்கள் அத்தனை பேரும் வட்டம் வட்டமாகத் தரையில். அவளவள் வீட்டில் போனதெல்லாம் சேர்ந்து அந்தக் கரையில் எழுந்து நின்றது. காய்ச்சலில் போனவன், கப்பலில் போனவன், பாலில்லாமல் போன பிள்ளை. வாகை மரத்துக் காக்கைகள் கலைந்து பறந்தன.

பந்தலில் வெள்ளைக்காரர்கள் முதலில் திகைத்தார்கள். பிறகு ஒரு பெண்மணி புன்னகைத்து, தாளத்துக்கு மெல்லக் கைதட்டினாள். எல்லாரும் தட்டினார்கள்.

பழைய துரை மட்டும் தட்டவில்லை. நாற்காலியிலிருந்து முன்னால் சாய்ந்து அக்காவையே பார்த்தார். அந்தக் கிழவருக்கு ஏதோ ஒன்று போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். பெரிய கிராணியை அழைத்து, "என்ன பாடுகிறார்கள்?" என்றார்.

நான் ஐந்தாறு முழத் தூரத்தில் நின்றேன். கிராணியின் முகம் வெளிறிப்போனதைப் பார்த்தேன். அவருக்குத் தெரியும். அந்தப் பந்தலில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். ஒரு மூச்சு விட்டார். இடது கை முதுகுக்குப் பின்னால் போனது.

"தங்கள் புகழைப் பாடுகிறார்கள் ஐயா."

"இவர்களுக்கு ஏதாவது வேண்டுமா என்று கேளுங்கள்" என்றார் கிழவர். "நான் இனி வரப்போவதில்லை. என்னால் ஆனதைச் செய்துவிட்டுப் போகிறேன். அதிகாரியும் இங்கேதான் இருக்கிறார். கேளுங்கள்."

கேளுங்கள் என்று இரண்டு தரம் சொன்னார் அந்த மனிதர். ஒரு வார்த்தை. சங்கிலியை நாலு அடி மேலே தள்ளிக் கட்டுங்கள் என்று ஒரு வார்த்தை. சிலை அங்கேயே நின்றுவிட்டுப் போகட்டும், படி எங்களுக்கு வந்திருக்கும். கிராணி எங்கள் பக்கம் திரும்பக்கூட இல்லை. விரல்கள் மட்டும் ஆடின.

"ஒன்றும் வேண்டாம் ஐயா. தங்களைக் கண்டதே போதும் என்கிறார்கள்."

கையில் துணியோடு நான் முன்னால் போய்விட்டேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷைக் கொட்டினேன். துணை வினையெல்லாம் தப்பாக இருந்திருக்கும். "ஐயா, அது சாவுப் பாட்டு. அவள் புருஷன் செத்துப் போனான். இந்தப் படியைக் கேட்கிறார்கள். இந்தப் படியை."

பழைய துரை என்னைப் பார்த்தார். அதிகாரி கிராணியைப் பார்த்தார். கிராணி சிரித்தார். என் தோளில் கை வைத்து, வயிற்றிலிருந்து வரும் அந்தக் குரலில், "துணிக்கடைப் பையன். சந்தோஷத்தில் கள்ளுக்கடைக்குப் போய்விட்டு வந்திருக்கிறான். இவன் சார்பில் நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்" என்றார்.

கிழவர் தலையை ஆட்டி என்னை மன்னித்தார். இரண்டு பேர் வந்து என்னைப் பந்தலுக்கு வெளியே கொண்டுபோய் விட்டார்கள்.

சாயங்காலம் லயத்தில் அக்கா கேட்டாள். அழுது அழுது தொண்டை கட்டியிருந்தது.

"அந்தக் கெழவன் என்னமோ கேட்டானே தம்பி?"

"நமக்கு என்ன வேணும்னு கேட்டாரு."

"இவரு என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் வேணாம்னு சொன்னாங்கன்னு சொன்னாரு."

 அக்கா அடுப்பில் போட்ட விறகை வெளியே இழுத்து, மண்ணில் குத்தி அணைத்தாள். "எங்கிட்ட கேக்கவே இல்லியே தம்பி" என்றாள். அதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள். "நான் அங்கதான உக்காந்திருந்தேன். திரும்பிக் கேட்டா ஆகாதா? அங்கதான இருந்தேன்."

கருமாதியன்று விடியற்காலையில் கிளம்பினோம். அக்கா, சடங்கு செய்யும் நாவிதர், பிள்ளையில்லாத மச்சானுக்குக் காரியம் செய்ய அவர் தம்பி, சின்னம்மா, நான், லயத்தார் கொஞ்சம் பேர். மீன்கழுவும் ஓடைக்குப் போகத் திரும்பிய இடத்தில் அக்கா திரும்பவில்லை. நேரே நடந்தாள். நாங்களும் நடந்தோம்.

சிலைக்கு முன்னால் புதுச் சங்கிலி. சங்கிலிக்கு முன்னால் ஒரு மலாய் மாத்தா. அவருக்குப் பக்கத்தில், யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும், கோட்டின் கடைசிப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு பெரிய கிராணி.

"நில்லுங்கோ, நில்லுங்கோ. இஞ்ச ஏலாது. அண்டைக்குச் செய்த கூத்துக் காணும். நான் எவ்வளவு பாடுபட்டுச் சமாளிச்சனான் தெரியுமோ?" பிறகு குரலைத் தணித்தார். உண்மையிலேயே இரங்கினார் என்றுதான் நினைக்கிறேன், அதுதான் அவரிடம் எனக்கு ஆறாத கோபம். "எனக்கும் கவலைதான் பிள்ளை. அங்கால ஓடையடியில செய்யுங்கோ. நான் பிறகு அதிகாரியிட்டப் போய் உன்ர சார்பில..."

"எம் புருசனுக்கு நாந்தான் அழுவுறேன்" என்றாள் அக்கா. "அதயும் நீ அழுதுடாத."

தோட்டத்தில் ஒருவரும் அவரை நீ என்று சொன்னதில்லை. அவர் வாய் திறந்தபடி நின்றது. அதிலிருந்து என்ன வரும் என்று காத்திருக்காமல் அக்கா வலப்பக்கம் இறங்கினாள். சேற்றில் முழங்காலளவு புதைந்து, ஆற்றுக்குள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, நீரோட்டத்தை எதிர்த்துக் கரையோரமாகவே நடந்தாள். ஒருவர் பின் ஒருவராக நாங்களும் இறங்கினோம். நாவிதர் சோற்றுப் பானையைத் தலையில் தூக்கிக்கொண்டார். ஆற்றுப்பக்கம் சங்கிலி இல்லை. கடைசிப் படி தண்ணீருக்குள் இருந்தது, எங்கள் கால் அதைக் கண்டுபிடித்தது.

கிராணி மாத்தாவிடம் மலாயில் கத்தினார், தடுக்கச் சொல்லி. அந்த மாத்தா சங்கிலியைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார். "சங்கிலிக்குத்தான் எனக்கு உத்தரவு துவான். ஆற்றுக்கு இல்லை" என்று சொல்லிவிட்டு, ஒரு ரோக்கோ பற்ற வைத்து, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

தண்ணீர் நனைக்கும் படியில் மச்சானை நட்டோம். முழங்கை நீளக் கல். எண்ணெய் வைத்தோம், ஆற்றுத் தண்ணீரையே அள்ளி ஊற்றினோம், வாழையிலையில் சோறு வைத்தோம். அலை வந்து இலையைத் தூக்கத் தூக்கச் சின்னம்மா பிடித்துக்கொண்டாள். அக்கா அழுதாள். யாருக்கும் கேட்க வேண்டும் என்று இல்லை, ரொம்ப மெதுவாக, மச்சானிடம் மட்டும் ஏதோ நெடுநேரம் சொன்னாள். என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. மேலே கல்துரை பாதிக் கண் மூடி எங்கள் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டு நின்றார்.

வெயில் ஏறியபோது மச்சானின் தம்பி கல்லைப் பிடுங்கி, ஆற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, தோளுக்கு மேலாகப் பின்னால் விட்டான். விட்டபின் திரும்பிப் பார்க்கக் கூடாது, அது முறை. வந்த வழியே தண்ணீரில் நடந்து கரையேறினோம். சங்கிலியின் பக்கத்திலிருந்து அந்தக் குரல், மூக்கிலிருந்து வருவது, எங்களைக் கூப்பிட்டது. நில்லுங்கோ என்றது, பிறகு கேளுங்கோ என்றது, பாசார் வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தது.

ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.